வாயில்லா நோயாளியின் மருந்துச் செலவு

வலிப்பு நோய் கண்ட நாயொன்றை வைத்திருக்கும் வீட்டாருக்குக் கவலைகள் இரண்டு. அடுத்த வலிப்பு எப்பொழுது வரும் என்பது ஒன்று. அடுத்த மாதத்து மருந்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது மற்றொன்று. முதற் கவலையை அயலாரிடம் சொன்னால் அனுதாபம் கிடைக்கும். இரண்டாவதைச் சொன்னாலோ, "ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா?" என்ற சிரிப்புத்தான் கிடைக்கும். ஆதலால் அவ்வீட்டார் ஒருவருக்குஞ் சொல்லாமல் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். காலையும் மாலையும் கொடுத்த குளிசை காலையில் மட்டும் என்றாகின்றது. நாயும் நலமாகவே நடமாடுகின்றது. இனி மருந்து எதற்கு என்ற எண்ணம் எழுகின்றது. ஒரு நாள் மருந்து நின்றே போகின்றது.

இத்தகைய நாய்களுக்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டு வரும் மருந்துகளுள் முதன்மையானது பீனோபாபிற்றோன். 1912ஆம் ஆண்டில் மனிதருக்கென விற்பனைக்கு வந்த பழைய மருந்து அது. மூளையின் கிளர்ச்சியை அடக்கிவைப்பது அதன் தொழில். பல மாதங்கள் அதற்குப் பழகிவிட்ட மூளையிலிருந்து அதைத் திடீரென எடுத்துவிட்டால், அடக்கப்பட்டிருந்த கிளர்ச்சி முன்னிலும் மூர்க்கமாக எழும். ஒரு வலிப்பு முடியுமுன் மறு வலிப்பு தொடங்கி, ஓயாமல் நீடிக்கவுங் கூடும். அப்பொழுது நடுச்சாமத்தில் வாகனம் பிடித்து மிருக வைத்தியரின் வாசலைத் தட்டவேண்டி வரும். அந்த ஓர் இரவின் செலவு, மிச்சம் பிடித்த குளிசைகளின் விலையைப் பல மடங்கு விழுங்கிவிடும். நாய் பிழைத்தால் அது நல்லகாலம்.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், பீனோபாபிற்றோன் விலையுயர்ந்த மருந்தன்று என்பதே. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்று, பல நாடுகளிற் பல உற்பத்தியாளராற் செய்யப்படும் எளிய மருந்து அது. பணக் கஷ்டம் வந்தபொழுது அதனை வைத்தியரிடமே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், வேறொரு தயாரிப்பையோ வேறொரு கடையையோ அவர் காட்டியிருக்கலாம். நாய்க்கு வாயில்லை, அதற்காகப் பேசவேண்டிய வீட்டாரும் வெட்கத்தால் வாயை மூடிக்கொள்கின்றனர். வீட்டு மிருகத்தின் மருந்துச் செலவைக் குறைக்கும் வழிகள் பல உள. அவையெல்லாம் வைத்தியருடைய மேசைக்கு முன்னால், மருந்துச் சீட்டு எழுதப்படும் பொழுதே திறக்கின்றன. அதற்குப் பிறகு தாமாகக் கண்டுபிடிக்கும் சிக்கனங்களிற் பெரும்பாலானவை ஆபத்தில் முடிகின்றன.

மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் இயற்பெயர்; மற்றது அதனைச் செய்த கொம்பனி சூட்டிய வியாபாரப் பெயர். விலை ஏறுவது பெரும்பாலும் இரண்டாவது பெயரினால். இந்த உண்மையை இலங்கை மக்களுக்குச் சொல்லித்தர வெளிநாட்டார் எவரும் வரவேண்டியதில்லை. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே இந்நாட்டிலேயே அதனைச் சொன்னார். சொன்னதோடு நில்லாது செய்துங் காட்டினார். 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த அவர், நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகளை ஏறக்குறைய 600 ஆகக் குறைத்தார். மருந்துகள் இயற்பெயராலேயே எழுதப்படவேண்டும், உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கப்படவேண்டும் என்பன அவருடைய கொள்கையின் தூண்கள். 1977இல் அவர் கயானாவிற் காலமானார். அவர் நாய் பூனைகளை நினைத்து அக்கொள்கையை வகுத்தாரல்லர். ஆயினும், ஒரே மருந்து இரண்டு பெட்டிகளில் இரண்டு விலைக்கு விற்கும் என்ற அவருடைய கணக்கு, நாற்கால் நோயாளிக்கும் அப்படியே பொருந்துகின்றது. இருதயம் தளர்ந்த கிழநாயின் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும்பொழுது கொடுக்கப்படும் புரூசமைட், மனிதருக்குக் கொடுக்கப்படும் அதே புரூசமைட்தான். மருந்துச் சீட்டில் இயற்பெயரை எழுதித்தருமாறு கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

மருந்தை எழுதுபவரே மருந்தை விற்பவராகவும் இருப்பது மிருக வைத்தியத்திற் பல நாடுகளிலுள்ள வழக்கம். இதில் வசதியும் உண்டு, சிக்கலும் உண்டு. நோயுற்ற பிராணியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய எவரும் விரும்பார். வைத்தியர் கையாலேயே மருந்தும் கிடைத்துவிட்டால் நிம்மதி. ஆனால் அங்கே சொல்லப்படும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு விலை முன்னால் இராது. பெரிய பிரித்தானியாவில் இச்சிக்கல் அரசாங்கத்தின் கவனம்வரை சென்றது. போட்டி ஆணைக்குழு 2003இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன்பின், 2005ஆம் ஆண்டின் ஒரு கட்டளையினால், மூன்றாண்டுகளுக்கு மிருக வைத்தியர்கள் மருந்துச் சீட்டு எழுதுவதற்குக் கட்டணம் அறவிடலாகாது என்று விதிக்கப்பட்டது. சீட்டைப் பெற்று வெளியில் மருந்து வாங்கும் பழக்கம் மக்களிடையே வேரூன்றட்டும் என்பதே நோக்கம்.

அப்பழக்கம் போதிய அளவு வேரூன்றவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. 2013இல் அந்நாட்டின் மிருக வைத்திய நிலையங்களிற் பத்தில் ஒரு பங்கே பெருங் கொம்பனிகளின் வசம் இருந்தது. பத்தாண்டு கழிந்தபொழுது அப்பங்கு அறுபது வீதத்தை எட்டிக்கொண்டிருந்தது. போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை 2023இல் விசாரிக்கத் தொடங்கியபொழுது, 56,000 பேர் எழுதியனுப்பினர். மருந்துச் சீட்டைப் பெற்று வேறிடத்தில் வாங்கலாம் என்பதையே மிருகம் வளர்ப்போரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அறிந்திருக்கவில்லை என்றும் அவ்விசாரணையில் வெளியாயிற்று. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிடப்பட்ட தற்காலிக முடிவு, சீட்டெழுதும் கட்டணம் 16 பவுணுக்கு மேற்படலாகாது என்று யோசனை கூறியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய தேசம் ஒரு துண்டுக் கடதாசியைப் பற்றி ஆராய்ந்திருக்கின்றது என்றால், அக்கடதாசிக்கு எவ்வளவு பெறுமதி இருக்கவேண்டும்!

அந்தக் கடதாசியில் இருக்கவேண்டியவை சில. மருந்தின் இயற்பெயர், அதன் வலு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பன எல்லோரும் எதிர்பார்ப்பவை. இவற்றோடு நோயாளி நாயா பூனையா என்பதும், அதன் நிறை எத்தனை கிலோ என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் அவசியம். ஏனெனில், அச்சீட்டு மனிதரின் மருந்துக்கடைக்குச் செல்லும்பொழுது, அங்குள்ள மருந்தாளர் மனிதரையே மனத்திற் கொண்டு அதனை வாசிப்பார். கழுத்துச் சுரப்பி மந்தமான நாய்க்குத் தைரொக்சின் கொடுப்பர். மந்தச் சுரப்பியுள்ள மனிதருக்கு நாளொன்றுக்கு 100 மைக்கிரோகிராம் அளவே பெரும்பாலும் போதுமானது. 30 கிலோ நாய்க்கோ காலையில் 600, மாலையில் 600 மைக்கிரோகிராம் தேவைப்படும். நாயின் உடல் அம்மருந்தை அவ்வளவு விரைவிற் கழித்துவிடுகின்றது. இதனை அறியாத மருந்தாளர், வைத்தியர் கைதவறி எழுதிவிட்டார் என்று கருதி அளவைக் குறைத்தால் அதில் வியப்பில்லை. குறைத்த அளவில் வாங்கிய மலிவு மருந்து ஒரு பயனுந் தராமல் தீர்ந்து போகும்.

மூட்டுவலி மருந்தாகிய மெலொக்சிக்காமிலோ ஆபத்து எதிர்த் திசையில் இருக்கின்றது. நாய்களுக்கென வரும் திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் 1.5 மில்லிகிராம் மருந்து உளது. முதல் நாளுக்குப் பின் நாய்க்குத் தேவைப்படுவது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஆகவே 15 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒரு மில்லிலீற்றர். 3 கிலோச் சிறு நாய்க்கு ஐந்தில் ஒரு பங்கு. மனிதரின் மெலொக்சிக்காம் குளிசையிற் சிறியது 7.5 மில்லிகிராம். அது 15 கிலோ நாய்க்குரிய நாளளவிலும் ஐந்து மடங்கு. 3 கிலோ நாய்க்கு இருபத்தைந்து மடங்கு. பாட்டனாருடைய முழங்கால் வலிக் குளிசை வீட்டிலேயே இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தால், நாயின் குடலிற் புண்ணும் சிறுநீரகத்திற் கேடும் விளையலாம்.

இதே மருந்தில் நேர்மையான சிக்கனமும் உண்டு. 10 மில்லிலீற்றர்ப் போத்தலைப் பன்முறை வாங்குவதைவிட 100 மில்லிலீற்றர்ப் போத்தலை ஒருமுறை வாங்குவது, ஒரு மில்லிலீற்றருக்குக் கணக்கிட்டால் மலிவு. 15 கிலோ நாய்க்கு அது 100 நாள்கள் வரும். 3 கிலோ நாய்க்கு 500 நாள்கள் வருமே என்று மகிழவேண்டாம். திறந்த போத்தலை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்தில் அச்சிறு நாய் குடிப்பது 36 மில்லிலீற்றர். எஞ்சிய 64 மில்லிலீற்றரும் வாய்க்காலுக்கு. பெரிய போத்தல் பெரிய நாய்க்கே மலிவு. இப்படிப்பட்ட கணக்கை வைத்தியரின் மேசையில் இரண்டு நிமிடத்திற் போட்டுவிடலாம். குளிசையைப் பாதியாக உடைப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. இரட்டை வலுவுள்ள குளிசை, ஒற்றை வலுவுள்ளதைப் போல் இரு மடங்கு விலை பெறுவது எப்பொழுதும் இல்லை. நடுவிற் கோடிட்ட குளிசையை உடைத்து இரு வேளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வைத்தியர் பதில் சொல்வார். மேற்பூச்சு உள்ளவற்றையும், மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றையும் உடைத்தலாகாது.

பூனையின் கதை வேறு. பூனையைச் சிறிய நாய் என்று எண்ணுபவர்கள் பலர். அந்த எண்ணத்தால் இறந்த பூனைகளும் பல. மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் பரசிற்றமோல், எந்தக் கடையிலும் சில ரூபாவுக்குக் கிடைப்பது. மனிதரின் ஈரல் அதனைக் கழிக்கப் பயன்படுத்தும் முக்கியமான வழி பூனையின் ஈரலிற் பெரும்பாலும் அடைபட்டிருக்கின்றது. கழியாத மருந்து நஞ்சாகி, இரத்தத்தின் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். முரசு கபில நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு 500 மில்லிகிராம் குளிசையே போதும். அதற்கு மாற்று மருந்து உண்டென்றாலும், மணிக்கணக்கில் தாமதித்துக் கொண்டுசென்றால் அதனாற் பயன் குறைவு. வீட்டுப் பெட்டியில் உள்ள மருந்துகளுள் மிக மலிவானதே பூனைக்கு மிகக் கொடியதாக அமைந்திருப்பது விசித்திரந்தான்.

மாட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்கும் சிக்கனம் ஒன்றும் உண்டு. ஐவர்மெக்ரின் என்ற புழுக்கொல்லி 1981இல் மிருகங்களுக்கென விற்பனைக்கு வந்தது; அதன் கண்டுபிடிப்புக்காக 2015இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்கா முதலிய நாடுகளில், இருதயத்திற் குடியேறும் புழுவைத் தடுக்க மாதமொருமுறை நாய்க்குக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 6 மைக்கிரோகிராம். 10 கிலோ நாய்க்கு 60 மைக்கிரோகிராம். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தின் ஒரு மில்லிலீற்றரிலோ 10,000 மைக்கிரோகிராம் உளது. ஒரு போத்தலை வாங்கினால் நாயின் ஆயுட்காலத்துக்கும் போதுமே என்று கணக்குப் பார்ப்பவர் அந்நாடுகளில் உளர். ஆனால் அதில் ஒரு துளி என்பதே ஏறக்குறைய 500 மைக்கிரோகிராம். 2 கிலோக் குட்டிக்கு அத்துளி கிலோவுக்கு 250 என்றாகும். கொலி முதலிய மேய்ப்பு நாய் இனங்களிற் பலவற்றுக்கு, மருந்து மூளைக்குட் புகாமற் காக்கும் அரண் பிறவியிலேயே பழுதுபட்டிருக்கும். அதற்குரிய மரபணுக் குறையை வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்டனர். அத்தகைய நாய்க்குக் கிலோவுக்கு 100 மைக்கிரோகிராம் அளவிலேயே தள்ளாட்டமும் மயக்கமும் தொடங்கிவிடும்.

நீரிழிவுள்ள நாயின் வீட்டிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாய்களுக்கென வரும் சில இன்சுலின்கள் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டவை. மனிதரின் இன்சுலின் பெரும்பாலும் 100 அலகு. ஊசிக்குழாய்களும் அவ்வவற்றுக்கேற்பக் கோடிடப்பட்டவை. மனித இன்சுலின் மலிவாகக் கிடைக்கின்றதென்று வைத்தியரே மாற்றித் தரலாம். ஆனால் பழைய ஊசிக்குழாயை அப்படியே வைத்துக்கொண்டால், 4 அலகுக் கோடுவரை எடுப்பது உண்மையில் 10 அலகாகிவிடும். மருந்தை மாற்றும் நாளிலேயே குழாயையும் மாற்றவேண்டும்.

வராத நோய்க்கு மருந்துச் செலவில்லை. விசர்நாய்க்கடி நோய்க்கெதிரான தடுப்பூசியை இலங்கையில் அரசாங்கச் சுகாதாரப் பகுதியினர் நாய்களுக்கு இலவசமாகப் போட்டு வருகின்றனர். அதையுந் தவறவிடும் வீடுகள் உண்டு.

இதுவரை சொல்லப்பட்டவை பணங் கொடுத்தால் நேர்வழியிற் கிடைக்கும் மருந்துகள். பணமிருந்தும் நேர்வழியிற் கிடைக்காதிருந்த மருந்தொன்றின் வரலாறும் உண்டு. பூனைகளிடையே பரவலாகக் காணப்படும் ஒரு கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடலுக்குள் உருமாறி, வயிற்றிலும் மார்பிலும் நீர் கட்டச் செய்து கொன்றுவிடும். எப்.ஐ.பி. என்று மிருக வைத்தியர்கள் சுருக்கமாக வழங்கும் அந்நோய், வந்தால் மரணமே என்றிருந்தது. அமெரிக்காவிலே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பீடர்சன் குழுவினர், ஜீ.எஸ். 441524 என்ற இலக்கத்தால் அறியப்பட்ட மருந்தை 31 பூனைகளுக்கு 84 நாள்கள் கொடுத்துப் பார்த்தனர். 25 பூனைகள் பிழைத்தெழுந்தன என்று 2019இல் அவர்கள் அறிவித்தனர். உலகெங்குமுள்ள பூனை வளர்ப்போர் அச்செய்தியைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் வடித்திருப்பர். ஆனால் கடையில் மருந்து இல்லை. அதன் உரிமையை வைத்திருந்த கொம்பனி, மனிதருக்கென உருவாகிக்கொண்டிருந்த தன் இன்னொரு மருந்துக்கு இடையூறு வரலாமென்று அஞ்சி, பூனைகளுக்கு அதனை விடவில்லை.

அப்பொழுது கள்ளச் சந்தை பிறந்தது. சீனாவிற் செய்யப்பட்ட, உள்ளே என்ன இருக்கின்றதென்று உறுதியாகச் சொல்லமுடியாத சிறு புட்டிகளை, ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து மக்கள் வாங்கினர். வைத்தியர்கள் சட்டத்துக்கு அஞ்சி விலகி நிற்க, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சமையலறை மேசையில் வைத்துத் தம் பூனைக்கு நாள்தோறும் தாமே ஊசி போட்டனர். 84 நாள்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நா எழாது. பெரிய பிரித்தானியாவில் 2021இலும், ஐக்கிய அமெரிக்காவில் 2024இலும், வைத்தியரின் சீட்டின் பேரில் அம்மருந்தை நேர்வழியிற் பெறுவதற்கு வழி பிறந்தது.

நேர்வழி பிறந்தபின்னும் 84 நாள் மருந்து பெருஞ்செலவாகவே இருந்தது. அந்த 84 என்ற எண் எங்கிருந்து வந்தது? முதல் ஆராய்ச்சியிலே பன்னிரண்டு கிழமை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அதுவே எல்லோருக்கும் விதியாயிற்று. ஜேர்மனியிலே, மியூனிக் பல்கலைக்கழகத்தார் அதனைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். வயிற்றிலோ மார்பிலோ நீர் கட்டிய 40 பூனைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு 84 நாளும் மறு கூற்றுக்கு 42 நாளும் மருந்தை வாய்வழி கொடுத்தனர். வைத்தியர்களின் கண்காணிப்பிலே, இரத்தப் பரிசோதனைகளோடு அது நடந்தது. 2024இல் வெளியான முடிவின்படி, குறைந்த நாள் மருந்துண்ட பூனைகளும் மற்றவற்றைப் போலவே குணமடைந்தன. நீர் கட்டும் வகையினவாகிய அந்நோயாளிகளுக்கு மருந்து பாதி, விலையும் பாதி.